இரண்டு வரி அர்ஜி

குப்பத்தில் கல்குவாரி, பாகாலா பக்கம் மாங்காய் மண்டி, திருப்பதியில் ஓர் ஓட்டலின் பின்கட்டு. எந்த வேலையும் ஒரு வருஷம் தாண்டவில்லை. கடைசியில் சித்தூரில் மற்றவர்களுக்கு அர்ஜி, அதாவது மனு, எழுத உட்கார்ந்தேன். எட்டாவது வரை தெலுங்கில் படித்தது அதற்குப் போதும். திங்கட்கிழமை மனு வாங்கும் நாளில் கலெக்டர் ஆபீஸ் சுவரோரம் அட்டையும் பேனாவுமாக உட்காருவேன். மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். நான் இரண்டு வரியில் முடிப்பேன். உள்ளே இருந்தவர்களுக்கு அது பிடித்திருந்தது. எனக்கும் அதில் கர்வம்.

நகரிப் பக்கமிருந்து ஒரு தமிழ்க்கார அம்மா வந்தார். புருஷன் இறந்துவிட்டார், நிலத்தின் பட்டா பாஸ்புக் தன் பெயருக்கு மாற வேண்டும். நிலமில்லாதவர்களுக்குச் சர்க்கார் கொடுத்த நிலம் அது. இன்னொருவர் கைக்குப் போனால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

அந்த அம்மா பேச ஆரம்பித்தார். பக்கத்து நிலத்துக்காரர் தன் போர்க் கிணற்றிலிருந்து இவர் மாமரங்களுக்குத் தண்ணீர் விடுகிறார். பதிலுக்கு இவர் அவர் தோப்பில் களை எடுக்கிறார். காய் இறக்கும்போது இரண்டு தோப்புக்கும் ஒரே வண்டி. புருஷன் இருந்த காலத்திலேயே இதுதான் பழக்கம்.

"அதெல்லாம் எதுக்குக்கா? பேர் மாத்தணும், அதானே?"

"அவரையும் எழுதுப்பா. அவரு தண்ணி வுடலன்னா மரமெல்லாம் எப்பவோ காஞ்சி போயிருக்கும். நன்றி மறந்து பேசக்கூடாது."

அவர் மனசுக்காக ஒரு வரி சேர்த்தேன். 'நிலத்தைப் பக்கத்து நிலத்துக்காரர் பார்த்துக்கொள்கிறார்.' படித்துக் காட்டினேன்.

"இன்னாப்பா, நான் அம்மாம் நேரம் சொன்னேன், ரெண்டு வரியில அடங்கிடுச்சா?"

"அடங்கிடுச்சுக்கா. பெருசா எழுதினா படிக்க மாட்டாங்க."

சிரித்துக்கொண்டே கைரேகை வைத்தார்.

மாங்காய் சீசன் தொடங்கும் நேரத்தில் ஒரு நோட்டீஸோடு திரும்பி வந்தார். நிலம் வேறொருவர் அனுபோகத்தில் இருப்பதாக அர்ஜியிலேயே இருக்கிறது, ஏன் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடாது, பதினைந்து நாளில் பதில் சொல்ல வேண்டும் என்றது நோட்டீஸ். இன்னொரு முறை படித்தேன். என் வரிதான் அது.

"இன்னா எழுதிக்கிது?"

முழுதாகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் தப்பையும் சொல்ல வேண்டும்.

"ஒண்ணுமில்லக்கா. ஒரு தடவ ஆபீசுக்கு வந்து பதில் சொல்லணும், அவ்ளோதான்."

"அவ்ளோதானே? காய் எறக்கிக்கினு இருக்கோம். முடிச்சிட்டு வரேன்."

நான் தடுக்கவில்லை.

அவர் வந்தபோது கெடு தாண்டி ஒரு வாரம். அதற்குள் நான் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். தண்ணீர், களை, ஒரே வண்டி, புருஷன் காலத்துப் பழக்கம், 'பார்த்துக்கொள்கிறார்' என்பது என் அவசரத்தில் விழுந்த வார்த்தை, எல்லாம். அவரோடு நானும் உள்ளே போனேன். ஆபீசர் முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், மேஜையில் வைத்துவிட்டார்.

"ரெண்டு மாட்டல்லோ செப்பு" என்றார் என்னிடம். இரண்டே வார்த்தையில் சொல் என்று.

நான் தாள்களை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினேன். அந்த அம்மாவே தெலுங்கிலும் தமிழிலுமாக முதலிலிருந்து ஆரம்பித்தார். போர் மோட்டார் வரைக்கும்கூடப் போகவில்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நிலத்தைத் திரும்ப எடுத்த உத்தரவையும் என்னிடம்தான் கொண்டுவந்தார். அன்று ஒரு சொல்கூட விடாமல் படித்துச் சொன்னேன். மேலே முறையிட வழி உண்டு என்றேன். முதல் அர்ஜியில் அந்த வரி எப்படி வந்தது என்பதையும், நோட்டீஸில் உண்மையில் என்ன இருந்தது என்பதையும் சொன்னேன். அவர் உத்தரவை வாங்கி மடித்தார்.

"காய் கெடக்குதுன்னு வுட்டுட்டு அன்னிக்கே ஓடியாந்திருப்பேனே, நைனா" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. மேல்முறையீட்டை வேறொருவரிடம் எழுதக் கொடுத்தார். சரிதான் அது. நான் அட்டையை எடுத்துக்கொண்டு திருப்பதிக்கு வந்துவிட்டேன். இங்கே பஸ் ஸ்டாண்டில் மூட்டை இறக்குகிறேன். நகரி பஸ் வந்தால் மாங்காய்க் கூடைகளையும் இறக்க வேண்டியிருக்கிறது. எந்தத் தோப்புக் காய் என்று கேட்பதில்லை.