ஒரு ஸ்பூன் கைப்பிடி

எங்கள் பம்ப் கம்பெனியின் டிசைன் செக்‌ஷனில் இருபத்திரண்டு கம்ப்யூட்டர்கள். அத்தனையிலும் பென்டிரைவ் செருகுகிற ஓட்டைகளை அடைத்தவள் நான்தான். நகத்தளவு சிவப்புப் பிளாஸ்டிக் கட்டை. உள்ளே தள்ளினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். அதற்கென்று உள்ள சாவியைக் கொடுத்து இழுத்தால்தான் வெளியே வரும். சாவி ஒன்றே ஒன்று. அது அடையாள அட்டையோடு சேர்ந்து என் கழுத்தில் தொங்கியது.

பூட்டு வந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் புது பம்ப்பின் டிராயிங்கை யாரோ பென்டிரைவில் எடுத்துப் போய்விட்டதில், நாங்கள் விற்பனைக்குக் கொண்டுவரும் முன்பே வேறொருவர் அதே பம்ப்பை விற்றுக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பு நான். மூன்று நாள் என்னை மாடிக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பீளமேட்டில் அதே கட்டடத்தில் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டியவள், திருடியைப் போல நின்றேன். அந்த அவமானத்துக்குப் பிறகு வந்த பூட்டு என்பதால் எனக்கு அதன் மேல் ஒரு வெறியே இருந்தது. கம்ப்யூட்டரில் செல்லுக்குச் சார்ஜ் போட முடியாமல் போனவர்கள், "பூட்டம்மா வாராங்க" என்று கிண்டல் செய்வார்கள். போங்கடா என்று இருந்துவிட்டேன்.

ஜன்னலோர மேசையில் ஐம்பதைத் தாண்டிய டிசைனர் ஒருவர் இருந்தார். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை அம்மணி என்பார். பூட்டு வருவதற்கு ஒரு மாதம் முன்பு, அவர் மேசையில் டிபன் மூடிமேல் ஒரு கட்டி சப்பாத்தி மாவைப் பார்த்தேன். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏனுங்ணா, எறும்பு கீபோர்டுக்குள்ள பூந்துச்சுன்னா நான்தானே பாக்கோணும்?"

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. இது ஊட்ல அவ புடிச்சுக் குடுத்த மாவுங்க."

அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கையில் பலம் போய்விட்டது. விரல்கள் பாதிதான் மடங்கும், சாதாரண ஸ்பூன் நழுவிவிடும். இவர்தான் ஊட்டிவிடுவார். அந்த அம்மாவுக்கு அது பெரிய கூச்சம். யாராவது வீட்டுக்கு வந்துவிட்டால் வாயை மூடிக்கொள்வாராம். பாதிச் சோற்றில் போதும் என்று திரும்பிக்கொள்வாராம். அந்த அம்மாவின் கையில் மாவைக் கொடுத்து, முடிந்தவரை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, அந்த விரல் பள்ளங்களை அளந்து கம்ப்யூட்டரில் ஒரு கைப்பிடி வரைந்துகொண்டிருந்தார் அண்ணா. சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் வரைவார். அதில் ஸ்பூனைச் செருகிக் கொடுத்தால் நழுவாது. ஃபைலைக் கொடுத்தால் பிளாஸ்டிக்கில் அப்படியே அச்செடுத்துத் தருகிற கடை எங்கள் தெருவிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை வரைந்து முடித்தார். சனிக்கிழமை நான் பூட்டுப் போட்டேன். திங்கட்கிழமை பென்டிரைவோடு வந்து நின்றார். அந்தக் கம்ப்யூட்டர்களில் இன்டர்நெட் கிடையாது. ஃபைல் வெளியே போக வேறு வழியே இல்லை.

"ஃபார்ம் எழுதிக் குடுங்ணா. மேல கையெழுத்தாகி வந்தா ஒடனே தொறந்து உடறேன்" என்றேன்.

காரணம் என்ற கட்டத்தில் 'சொந்த உபயோகம்' என்று எழுதியிருந்தார். "விவரமா எழுதுங்ணா" என்றேன். "ஊட்டுக்காரிக்குக் கையெடுத்துத் திங்க முடியலைன்னு அதுல எப்படீங்க எழுதறது?" என்றார். ஃபார்ம் மாடிக்குப் போய், சிவப்பு மையில் கேள்விக்குறியோடு திரும்பி வந்தது. அடுத்த வாரம் இன்னொன்று எழுதினார். அதுவும் அப்படியே வந்தது. நான் ஒரு மாடி ஏறிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மறுபடி அந்த அறைக்குள் போய் நிற்க எனக்குப் பயம். அந்தப் பயத்துக்கு ரூல்ஸ் என்று பேர் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது முறை அவர் கேட்டபோது எல்லோரும் இருந்தார்கள். "ஒருத்தருக்குத் தொறந்தா எல்லாருக்கும் தொறக்கோணுங்ணா. அப்பறம் எதுக்கு இந்தப் பூட்டு?" என்று கத்திவிட்டேன். அவர் முகம் கறுத்துப் போயிற்று.

"செரிங்க அம்மணி. உங்க வேலைய நீங்க பாக்கறீங்க."

அதோடு சரி. அப்புறம் கேட்கவே இல்லை. பத்து நாள் கழித்து அந்த அம்மா இறந்துவிட்டார். இரண்டாவது தடவை பக்கவாதம். கம்பெனி வேனில் எல்லோரும் துடியலூரில் அவர் வீட்டுக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் வலது கையைப் பார்த்தேன். விரல்கள் பாதி மடங்கியபடியே இருந்தன. என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வேனில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது அவர் கம்ப்யூட்டரைத் திறந்தேன். சாவியைச் செருகி, கட்டையை இழுத்து, ஃபைலை ஏற்றி, மறுபடி பூட்டினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கப்புறமும் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடக்கடவுளே, இதற்கா நான் அத்தனை ஆட்டம் ஆடினேன்!

காரியமெல்லாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அச்செடுத்த கைப்பிடியோடு அவர் வீட்டுக்குப் போனேன். கொடுக்கலாமா கூடாதா என்று பஸ்ஸில் நூறு தடவை யோசித்தேன். அவரே காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். பையிலிருந்து எடுத்து நீட்டினேன். சாம்பல் நிறத்தில் நாலு விரல் பள்ளம், ஒரு கட்டைவிரல் பள்ளம். பார்த்ததும் புரிந்துகொண்டார். தன் விரல்களை அதில் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை.

"அவ கை சின்னதுங்க" என்றார்.

"ரெண்டு நிமிசந்தானுங்ணா ஆச்சு. என்னைய மன்னிச்சுருங்ணா" என்று அழுதுவிட்டேன்.

"அழுவாதீங்க அம்மணி. தெனமும் நான் ஊட்டுக்குள்ள நொழஞ்சதும் கேப்பா. பேச்சு கொழறும். 'சாவி கெடச்சுதாங்க'ம்பா. நாளைக்குக் கெடச்சுரும்னு சொல்லி ஊட்டி உடுவேன். கடைசி நாளு எனக்கு மனசு கேக்கலீங்க. கெடச்சுருச்சு, காலைல கொண்டாறேன்னு பொய் சொல்லிப்போட்டேன். அவ சிரிச்சா. அன்னைக்குத்தான் வட்டல்ல ஒரு பருக்கை மிச்சம் வெக்காமத் தின்னா."

கைப்பிடியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

"விடியறதுக்குள்ள போயிட்டா. பொய்யின்னு தெரியாமயே போயிட்டா அம்மணி."

பூட்டாத கம்ப்யூட்டர் எதைப் பார்த்தாலும் இன்றும் என் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. தன்னோடு முப்பது வருடம் வாழ்ந்தவளிடம் அந்த மனிதர் கடைசியாகச் சொன்னது ஒரு பொய். அதைச் சொல்ல வைத்தவள் நான்.