மரத்த கட்டைவிரல்

தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் தீரும்போது, அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கி ஒட்ட வேண்டும். பிணைப்பது என்போம். எங்கள் வீட்டில் அது என் வேலை. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஆயிரக்கணக்கான இழைகளை முறுக்கி முறுக்கி, இரண்டு கட்டைவிரல்களும் மடக்கினால் நிமிராமல் சிக்கிக்கொண்டன.

முதலில் இடது விரலுக்கு ஆபரேஷன். மயக்கமெல்லாம் இல்லை, கையில் மட்டும் மரக்க ஊசி. வெட்டிக்கொண்டிருக்கும்போதே டாக்டர், “விரலை மடக்கும்மா, நீட்டும்மா” என்றார். சமர்த்தாகச் செய்தேன். ஆனால் மத்தியானச் சோறு உண்பதற்குள் மரப்பு விட்டுப்போனது. ஐயோ, அந்த வலி! மூன்று நாள் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே கிடந்தேன். எதையும் தொடவில்லை. புண் நன்றாக ஆறி விரல் நிமிர்ந்தது, ஆனாலும் டாக்டரைத் திட்டாத திட்டு இல்லை.

அதனால் வலது விரலுக்குப் போனபோது நானே கேட்டேன். “போன தடவை போட்ட ஊசி வேணாம் சார். ரொம்ப நேரம் நிக்கிறது போடுங்க.”

“போடுறேன். நாளைக்கு வரைக்கும்கூட மரத்துக்கினு இருக்கும். வலிக்கலைன்னு கையால வேலை செய்யக்கூடாது, புரியுதா?”

தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலையிலும் துளி வலி இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம், “ஊசின்னா இது ஊசி!” என்று பீற்றிக்கொண்டேன். முகூர்த்தப் புடவைக்கான மஞ்சள் பாவு காத்திருந்தது. கட்டுக்கு வெளியே விரல்நுனி நீட்டிக்கொண்டிருந்தது. போதாதா? உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் பதறினார். “டாக்டர் தொடாதேன்னு சொன்னாரு இல்ல?”

“வலிச்சா எழுந்துடுறேன். நீங்க சும்மா இருங்க.”

வலிக்கவே இல்லை. விரல் இழையைப் பிடித்திருக்கிறதா என்பதும் தெரியவில்லை, கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் முறுக்கினேன். பாதிப் பாவு பிணைத்திருப்பேன். மஞ்சள் பட்டில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு. யாருடைய ரத்தம் என்றுதான் முதலில் யோசித்தேன். கட்டு நனைந்து, சாம்பல் அப்பி, தையல் பிரிந்திருந்தது.

நாலே நாளில் கை பணியாரமாக வீங்கியது. நரம்பு ஓடும் வழியெல்லாம் சீழ். மறுபடி கிழித்துக் கழுவினார்கள். உயிரும் கையும் தப்பின. வலது கட்டைவிரல் மட்டும் விறைத்துப்போனது. “இனி மடங்காதும்மா” என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அந்தப் பாழாய்ப்போன வலி வந்திருந்தால் எழுந்திருப்பேனே!

போன வாரம் அடுத்த பாவு வந்தது. வீட்டுக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பிணைப்பதற்கு ஓரிக்கை ஊரிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்திருந்தார். தறி முன்னால் வழக்கம்போல் நான் உட்கார்ந்திருந்தேன்.

“அக்கா, கொஞ்சம் எழுந்துக்கிறீங்களா?” என்றாள் அவள்.

எழுந்துகொண்டேன்.