பின்னால் மிதித்தால் நிற்கும் சைக்கிள்

ஏம்பலம் கடைத்தெருவில் என் சைக்கிள் கடைக்கு வந்தால், சுவரில் பெரிய ஆணியில் ஒரு முன்சக்கரம் தொங்குவதைப் பார்க்கலாம். நடுவில் தேங்காய்ப் பருமனுக்கு மோட்டார் வைத்துக் கோத்த சக்கரம். வருகிறவர்களெல்லாம் விலை கேட்கிறார்கள். விற்பதற்கில்லை என்று சொல்லிவிடுவேன். அது என் கொழுந்தியாளுக்காகச் செய்தது. என் கை வேலையை வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாவதோடு சரி. பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தவன், மொபெட், பம்பு செட்டு என்று எல்லாவற்றையும் அவிழ்த்து மாட்டினேன். பாகூரிலிருந்தும் திருவாண்டார்கோயிலிலிருந்தும் வண்டிகள் என்னைத் தேடி வருகின்றன. மின்சார மோட்டாரைக்கூட யாரும் சொல்லித் தரவில்லை. பிரித்துப் பார்த்தேன், பிடிபட்டுவிட்டது.

கொழுந்தியாளுக்கு முடக்குவாதம். இரண்டு கை விரல்களும் மடங்கிப்போய்விட்டன. ஹேண்டில்பாரில் கையை வைத்துக்கொள்வாள், பிரேக்கை அழுத்த முடியாது. ஆனால் அவளிடம் ஒரு சைக்கிள் இருந்தது. பிரான்சுக்குப் போன குடும்பம் ஒன்று விட்டுவிட்டுப் போனது. அதில் கைப்பிரேக்கே கிடையாது. பெடலைப் பின்னால் மிதித்தால் பின்சக்கரத்து நடுவில் இருக்கும் ஹப்புக்குள்ளேயே பிரேக் பிடித்து வண்டி நிற்கும். அந்தச் சைக்கிளில்தான் தினமும் பால் கேனைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரை ஏறி இறங்கி சொசைட்டிக்குப் போவாள். வயதாக ஆக, கேனோடு கரையை மிதித்து ஏற முடியவில்லை. "பால் ஊத்தப் போக முடியலன்னா மாடு எதுக்கு? வித்துடும்மா" என்று மகன் நச்சரித்தான். அந்த மாடுதான் அவளுக்கு எல்லாம்.

என்னிடம் வந்தாள். "மாமா, ஏத்தத்துல மட்டும் தள்ளி வுட ஒரு மோட்டார் வையி. ஆனா பின்னால மிதிச்சா நிக்கணும். அவ்ளோதான் நான் கேக்கறது."

இது ஒரு வேலையா என்று நினைத்தேன். பாண்டியில் மோட்டார் கிட் விற்கிற பையன், "அந்த ஹப்பைக் கழட்டிட்டுப் பின்னால மோட்டார் போடுங்க, டிஸ்க் பிரேக் வச்சிக்கலாம்" என்றான். பிரேக்கை அமுக்க அவளுக்கு விரல் எங்கே? பெடலுக்கு நடுவில் வைக்கிற மோட்டாரை வாங்கி மாட்டினேன். ஸ்டாண்டு போட்டு மிதிக்கச் சொன்னேன். முன்னால் மிதித்தால் சக்கரம் பறந்தது. பின்னால் மிதித்தால் பெடல் சும்மா சுற்றியது, செயின் அசையவில்லை. "இன்னா மாமா, காத்துல மிதிக்கிறேன்!" என்று சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகுதான் இந்த முன்சக்கரம். பின் ஹப்பைத் தொடவே இல்லை. பெடலை மிதித்தால் மோட்டார் இழுக்கும், கால் நின்றால் அதுவும் நிற்கும். ஆனால் உடனே நிற்காது, ஒரு கண்ணிமைப்பு கூடவே இழுக்கும். மற்ற வண்டிகளில் கைப்பிரேக்கைத் தொட்டதும் அதிலிருக்கும் சுவிட்சு மோட்டாரை அணைத்துவிடும். அவளுக்குக் கைப்பிரேக்கே இல்லையே. ஒரு கண்ணிமைப்பில் என்ன ஆகிவிடும் என்றேன். கரை இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தவள், கரும்பு ஏற்றிய டிராக்டர் எதிரே வர, சட்டென்று பின்னால் மிதித்தாள். பின்சக்கரம் நின்றது, முன்சக்கரம் இழுத்தது. வண்டி சாய்ந்து பால் முழுக்க ரோட்டில் போனது.

முட்டியில் சிராய்ப்போடு வந்தாள். "நில்லுன்னா நிக்கணும் மாமா. என் புருஷன் மாதிரி, நான் கூப்ட்டு ஓஞ்சப்புறம் திரும்பிப் பாக்கக் கூடாது. பழைய சக்கரத்தை மாட்டு."

"ஹப் பக்கத்துல சுவிட்சு வச்சித் தரேன்டி, கொஞ்சம் பொறு."

"நீ வைப்ப. அதுவரைக்கும் பால யாரு ஊத்தறது?"

பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டிக் கொடுத்தேன். இன்றைக்கும் கரை ஏறும்போது இறங்கித் தள்ளுகிறாள், இறங்கும்போது பின்னால் மிதித்து மிதித்து இறங்குகிறாள். மாடு அவளிடமே இருக்கிறது. நானோ புதுசு புதுசாக வருகிற கிட்டுகளை எடுத்துப் பார்த்து, "பின்னால மிதிச்சா நிக்குமா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். கேட்டவனெல்லாம் சிரிக்கிறான்.

நேற்றுச் செயினுக்கு எண்ணெய் விட வந்தாள். கடை வாசலில் பின்னால் ஒரு மிதி. வண்டி முளை அடித்துவைத்த மாதிரி நின்றது. ஆணியைப் பார்த்தாள். "இன்னும் தொங்குதா? இப்படி நிக்குமா அது?"

அவள் போன பிறகு எழுந்துபோய் அந்தச் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டேன். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் விரல்களை மடக்கி, நானே பிடித்து நிறுத்தினேன்.