மயில் வைத்த சாரட்டு

காணும் பொங்கலுக்குக் கடற்கரைக்குப் போகிறவர்கள் பட்டுப்புடவை உடுத்துவதில்லை. என்னை உடுத்தச் சொன்னதற்கான காரணத்தை, செங்கல்பட்டில் ஏறிய பேருந்து மாமல்லபுரத்தை நெருங்கிய பிறகுதான் அம்மா சொன்னாள்.

"குதிர வண்டி ஊர்வலம் பாக்கத்தான் போறோம். அங்க பையன் வூட்டுக்காரங்களும் வராங்க. சும்மா ஒருதபா பாத்துக்கட்டும். புடிச்சிப்போச்சின்னா சித்திரையில வெச்சிக்கலாம்."

தரகர் மூலம் வந்த வரன். அவர்கள் முகம்கூட எங்களுக்குத் தெரியாது; எங்கள் முகம் அவர்களுக்கும் தெரியாது. முதுகலையில் எனக்கு இன்னும் ஓராண்டு இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு படிக்கலாம் என்று அனுப்பிவைக்கப்பட்ட என் அத்தை மகள் அதன் பின் கல்லூரிப் பக்கம் போகவே இல்லை. சொல்ல வேண்டிய வாக்கியம் என்னிடம் தயாராக இருந்தது. முன் இருக்கையில் அப்பாவின் பின்னந்தலையைப் பார்த்தபடி அதைத் திருத்திக்கொண்டே வந்தேன்.

கல்யாணங்களுக்கு வாடகைக்குப் போகும் சாரட்டுகள் கடற்கரைச் சாலையில் வரிசையாக நின்றன. முகப்பில் மயில் பொம்மை வைத்த சாரட்டுக்குப் பக்கத்தில் நிற்போம் என்பதே அவர்கள் சொல்லியிருந்த அடையாளம். நாங்கள் அதைக் கண்டுபிடித்து நெருங்குவதற்குள் பேண்டு வாத்தியம் முழங்கியது, குதிரைகள் கிளம்பிவிட்டன.

"ஏங்க, போயிகினே கீதுங்க!"

"ஊர்வலம்னா போவாம, உக்காந்துகினா இருக்கும்?" என்றார் அப்பா.

சாரட்டை ஒட்டியே நடந்தோம். எதிர்ப்பட்ட குடும்பங்களையெல்லாம் பார்த்து அம்மா பொதுவாகச் சிரித்துவைத்தாள்; நடுவே என் பூவைச் சரிசெய்தாள். பலூன்காரர் ஒருவர் கத்தினார்:

"இன்னாக்கா, பொண்ணுக்குக் குதிர வாங்கித் தரப் போறியா?"

குனிந்துகொண்ட போதுதான் சக்கரங்களின் ஊடே அது தெரிந்தது. மறுபக்கத்தில் ஒரு பட்டுப்புடவையின் கரையும், பாலிஷ் போட்ட ஒரு ஜோடி ஷூவும் எங்களோடு சேர்ந்து வந்துகொண்டிருந்தன. சாரட்டு நின்றால் அவையும் நின்றன. அவர்களும் அடையாளத்தை விடவில்லை. சாலை முனையில் வண்டி திரும்பிவிட்டால் இடையில் மறைப்பு எதுவும் இருக்காது.

"அப்பா, படிப்பு முடியற வரைக்கும் என்னை யாரும் பார்க்க வர வேண்டாம்ப்பா."

அவர் நின்றார். அம்மா திரும்பினாள். அந்நேரம் அவள் கைப்பையில் செல்போன் ஒலித்தது.

"எடு," என்றார் அப்பா. "கூட்டத்துல தவறிட்டோம்னு சொல்லு. அடுத்த வருசம் பேசிக்கலாம்."

அம்மா எடுக்கமாட்டாள் என்றே நினைத்தேன். எடுத்தாள். எங்கள் மேலிருந்த கோபமெல்லாம் அந்தப் பக்கம் போயிற்று.

"நகுந்துகினே போற வண்டிய யாராச்சும் அடையாளம் சொல்வாங்களாங்க?"

சாரட்டு திரும்பியது. எதிரே, காதில் செல்போனோடு ஓர் அம்மாள் எக்கி எக்கிக் கூட்டத்தில் தேடிக்கொண்டிருந்தார். அம்மா பேசுவது தெரியாதிருக்க, நான் அவளுக்கு முன்னால் நகர்ந்து நின்றேன்: பட்டுப்புடவையில், முழு வெயிலில்.

ஷூ போட்டவர் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.