இவ கீறாளே

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ரங்கூனுக்குக் கப்பலேறிய அண்ணனிடமிருந்து சேதி வருவது நின்றது.
2. நான் கம்பவுண்டர் பரீட்சையில் தேறினேன்.
3. இராயபுரத்தில் மருந்தகம் நடத்தும் கன்னியர் மடத்தில் சேர அனுமதி கேட்டேன்.
4. அம்மாவை அழைத்து வரச் சொன்னார்கள்.
5. அம்மா பதில் சொன்னாள்.

ஐந்தாவதை மட்டும் விரித்து எழுத வேண்டும்.

அப்பா இல்லை. அம்மா துறைமுகக் கிடங்கில் கிழிந்த சாக்குகளைத் தைப்பவள். அவள் கண் மங்கிக்கொண்டிருந்தது. ஊசியில் நூல் கோக்கப் பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்கும் நிலை. பெற்றவர்களுக்கு வேறு ஆதரவில்லை என்றால் அந்தப் பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்பது மடத்து விதி. அதை அம்மாவிடம் சொல்லியிருந்தேன். மடத்துக்கு நடந்து போகும்போது அவளே ஆரம்பித்தாள்.

"கேட்டாங்கன்னா, எம் புள்ள ரங்கூன்ல சம்பாரிச்சிகினு கீறான்னு சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத."

"பொய் இல்லியாம்மா?"

"இன்னா பொய்? அவன் இல்லேன்னு ஒனுக்கு எவனாச்சும் வந்து சொன்னானா?"

மடத்து வாசலில் மணியை இழுத்தேன்.

மடத்தின் தலைவியான பெரிய தாயார் ஐரோப்பியர். அவர் ஆங்கிலத்தில் பேச, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த இளம் சிஸ்டர் தமிழில் சொன்னார். சேரும் வழிகளை முதலில் விளக்கினார்கள். துறவறத்துக்கு வார்த்தைப்பாடு கொடுத்து மடத்திலேயே வாழ்வது ஒன்று. அதிலும் படித்தவர்கள் பள்ளிக்கோ மருந்தகத்துக்கோ போவார்கள். மற்றவர்களுக்கு அடுப்படியும் துணி துவைப்பதும். மூன்றாம் சபையில் சேர்ந்து, சேலைக்குள் உத்தரியத் துணியைக் கழுத்தில் அணிந்து, வீட்டிலிருந்தபடியே செபிப்பது இன்னொன்று. நான் முதலாவதைக் கேட்டேன். பெரிய தாயார் என் சான்றிதழைப் படித்துவிட்டு, மருந்து கலக்கத் தெரிந்த பெண் மடத்துக்குத் தேவை என்றார். அதைத் தமிழில் கேட்டதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. வழியில் பேசி வைத்ததெல்லாம் அந்த மலர்ச்சியில் மறந்து போயிற்று.

"உங்களப் பாத்துக்கிட யாரு இருக்கா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"எனுக்கு இன்னாம்மா கொற? இவ கீறாளே!" என்றாள் அம்மா, என் தோளைத் தட்டி. கிடங்கிலும் தெருவிலும் யார் கேட்டாலும் சொல்லிப் பழகிய பதில்.

சிஸ்டர் திகைத்து என் பக்கம் திரும்பினார். "கீறுதாளா? ஏட்டி, யாரக் கீறுத?"

சிரித்தபடி பெரிய தாயாரிடம் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அவரும் சிரித்தார். ஏன் என்று தெரியாமல் அம்மாவும் சிரித்தாள். பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் இரண்டு தமிழும் தெரிந்தவள் நான்தான்.

"கீறா என்றால் இருக்கிறாள் என்று அர்த்தம், சிஸ்டர். தனக்கு நான் இருக்கிறேன் என்கிறார்."

சிரிப்பு நின்றது. பெரிய தாயார் சான்றிதழை மடித்து என்னிடமே தந்தார். தாயை விட்டு வரச் சொல்லத் தமக்கு உரிமையில்லை, அம்மாவின் காலத்துக்குப் பின் வரலாம் என்றார். காரணத்தை அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டாம் என்று சிஸ்டரைக் கேட்டுக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பாதித் தூரத்தில் அம்மா நின்றாள். "எம் பேச்சு கலீஜா கீதுன்னுதான அந்தம்மா சிரிச்சிது? அதான் ஒன்னிய வாணான்னுட்டாங்க," என்றாள்.

"அது இல்லம்மா."

அவள் நம்பவில்லை. விதியை ஞாபகப்படுத்தியிருந்தால் நம்பியிருப்பாள். நான் ஞாபகப்படுத்தவில்லை.

இப்போதைய நிலை இது. பகலில் மடத்து மருந்தகத்தில் சம்பளத்துக்கு மருந்து கலக்குகிறேன். மூன்றாம் சபையில் சேர்ந்திருக்கிறேன். அண்ணனிடமிருந்து சேதி இல்லை. அம்மாவுக்கு வலது கண் முழுவதும் போய்விட்டது. பூசை முடிந்து சிஸ்டர்கள் நலம் விசாரித்தால், "மகள் இருக்கிறாள்" என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொல்கிறாள். வேறு எதுவும் அவர்களிடம் பேசுவதில்லை. சாயங்கால மணி அடிக்கும்போது கன்னியர் கோயிலுக்குள் போகிறார்கள். நான் வீட்டுக்கு வருகிறேன்.