ஐந்து மாதம் நான் மறைத்த கட்டி

ஒரு ஆம்பிளை சபைக்கு முன் இதைச் சொல்வது லேசல்ல. சொல்லாமல் இருந்ததால்தான் சாவுக்குக் கிட்டப் போனேன். அதனால் சொல்கிறேன்.

எனக்கு முப்பத்து நான்கு வயது. வீடு ஓர்ஸ் ஹில்லில். துறைமுகப் பக்கம் படகு திருத்தும் இடத்தில் வெல்டிங் வேலை. போன தை மாதம் குளிக்கும்போது இடது விதையில் ஒரு கட்டி கையில் பட்டது. கடலை அளவு, கல் மாதிரி. வலி இல்லை. வலி இல்லாதபடியால் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன்.

அது வளர்ந்தது. கீழே பாரம் தொங்குவது போல இருந்தது. மனைவி ஜெயந்திக்குக்கூடச் சொல்லவில்லை, அவ்வளவு வெட்கம். ஒருவருக்கும் தெரியாமல் இதை எடுத்துப்போடும் ஆண்டவரே என்று தினமும் காலையில் ஜெபித்தேன். எழும்பித் தொட்டுப் பார்ப்பேன். இருக்கும். கடைசியில் ஜெபிக்கவும் களைத்துப்போனேன். வைகாசியில் ஒரு காலை, "எனக்கு ஏலாது, நீரே வழி காட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

அன்று மத்தியானம் நசீர் நானா சோற்றுப் பார்சலோடு என் பக்கத்தில் வந்து இருந்தார். கிண்ணியாவிலிருந்து எங்கள் இடத்துக்கு வேலைக்கு வருகிறவர், என்னைவிட மூத்தவர். நான் குந்தி எழும்பச் சிரமப்படுவதைக் கவனித்திருக்கிறார்.

"தம்பி, கீழ ஏதும் கரைச்சலா?"

பொய் சொல்ல வரவில்லை. ஓம் என்றேன்.

அவர் தன் கதையைச் சொன்னார். பதினெட்டு வயதில் அவருக்குத் திடீரென்று அந்த இடத்தில் தாங்க முடியாத வலி, சாப்பிட்டதெல்லாம் சத்தி. வெட்கத்தில் மறுநாள்வரை வீட்டில் கிடந்தாராம். விதை முறுகி, இரத்த ஓட்டம் நின்று, ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று.

"உடன வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம் எண்டு டொக்டர் சொன்னார். உங்களுக்கு வலியில்லாட்டியும் கட்டியைக் காட்டத்தான் வேணும். எழும்புங்க, நானும் வாறன்."

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கான், இரத்தப் பரிசோதனை. புற்றுநோய். எல்லாக் கட்டியும் புற்றுநோயல்ல, ஆனால் கையால் தொட்டு உங்களால் பிரித்தறிய முடியாது என்றார் டொக்டர். சத்திரசிகிச்சையில் அந்த விதையை எடுத்தார்கள். பிறகு மூன்று மாதம் மருந்தேற்றினார்கள். முடி கொட்டியது. சோறு மணத்தாலே ஓங்காளித்தேன்.

ஜெயந்தி நோய்க்காக அழவில்லை. "அஞ்சு மாசம் பக்கத்தில இருந்தும் எனக்குச் சொல்லேல்லையே நீங்கள்" என்றாள். 

இப்போது பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அரை நாள் வேலைக்கே உடம்பு சோர்ந்துவிடுகிறது. அந்தச் சோர்வோடுதான் நன்றி சொல்கிறேன். மறைவாய்ச் சுகம் கேட்டேன். ஆண்டவர் ஒரு மனிதனை அனுப்பி என்னைப் பேச வைத்தார்.

சகோதரர்களே, கட்டியோ வீக்கமோ பாரமோ இருந்தால் ஜெபியுங்கள், ஜெபித்துவிட்டு நாள் கடத்தாமல் டொக்டரிடம் காட்டுங்கள். திடீர் வலி என்றால் அந்த மணித்தியாலமே போங்கள். ஆண்டவர் உண்டாக்கிய உடம்புதானே. இதில் அவருக்கு முன் வெட்கப்பட ஒன்றுமில்லை.