நிற்காத மீட்டர் சக்கரம்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த ஆண்டுகளில் நான் கரியாலூர்ப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை, சாலையை மறிக்க அடிவாரத்தில் வெட்டிய புளியமரம் மின்கம்பி மேல் விழுந்தது. மலைக்கு மின்சாரம் இல்லை. ஐஸ் கொண்டுவரும் ஜீப்பும் கள்ளக்குறிச்சியிலேயே நின்றுவிட்டது. எங்கள் ஃபிரிட்ஜில் ஆறு ஊர்க் குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்து இருந்தது. மறுநாள் காலை தாய்மார்கள் நடந்து வருவார்கள்.

சிறிய ஜெனரேட்டர் ஒன்று வைத்திருந்தோம். ஃபிரிட்ஜ் கிளம்பும்போதெல்லாம் அது திணறி அணைந்தது. விளக்கு, மின்விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்தும் அதே கதை. பத்தரை மணிக்கு ஃபிரிட்ஜுக்குள் நான்கு டிகிரி. பதினொன்றே காலுக்கு ஆறு. எட்டைத் தாண்டினால் மருந்தைக் கொட்டவேண்டியதுதான்.

பழைய மின் மீட்டர் ஒன்றை ஜெனரேட்டர் லைனில் மாட்டுமாறு எங்கள் மருத்துவமனை எலக்ட்ரீஷியனிடம் சொன்னேன்.

"மீட்டர் மாட்னா கரண்ட் ஜாஸ்தியா வருமா சார்?"

"வராது. எங்க போவுதுன்னு தெரியும்."

ஃபிரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கினோம். இனி மீட்டரின் சக்கரம் நிற்கவேண்டும். நிற்கவில்லை! நிமிடத்துக்கு எட்டுச் சுற்று. கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னேன். முதலாவது, எட்டு. இரண்டாவது, எட்டு. மூன்றாவதும் எட்டு. நான்காவதைக் கழற்றியதும் சக்கரம் சட்டென்று நின்றது.

"புடிச்சிட்டோம்!" என்று கத்தியேவிட்டேன். நர்ஸ் ஓடிவந்தார்.

"அது எந்த ரூமு லைனு?" என்று கேட்டேன்.

எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். "உங்க ரூமுதான் சார்."

மலை ஈரத்தில் பதிவேடுகள் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க, இரண்டு அலமாரிகளின் அடியிலும் இரண்டிரண்டு நூறு வாட் பல்புகளை வைத்திருந்தேன். யாரும் தவறி அணைத்துவிடக்கூடாது என்று சுவிட்சே இல்லாமல் இணைக்கச் சொன்னவனும் நான்தான். மூடிய கதவுக்குள் நான்கும் எரிந்துகொண்டிருந்தன.

"நோட்டு குளிர் காயுது, மருந்து வேர்த்துக்கினு கீது. நல்ல ஆபீசு சார்!" என்றார் நர்ஸ்.

பல்புகளைக் கழற்றிவிட்டு ஃபியூஸை மாட்டினோம். அப்போது ஏழரை டிகிரி. ஃபிரிட்ஜைப் போட்டதும் ஜெனரேட்டர் ஒருமுறை முனகியது. அணையவில்லை. ஏழு, ஆறரை, ஆறு என்று நர்ஸ் கூவக் கூவ நான் எழுதினேன்.

மறுநாள் முதல் குழந்தை ஊசிக்கு வீறிட்டு அழுதது. எலக்ட்ரீஷியன் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"கேட்டுச்சா சார்? நம்ம ஆறு டிகிரி மருந்துதான் அது!"